எம்.சி., பெர்மிட், பாயிண்ட்: சிங்கப்பூரில் காயம்படும் தொழிலாளியின் சட்டம்



தொழிலாளர் சட்டத்தில் எனக்கு விருப்பமான எதையும் பேசலாம் என்று இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கான அழைப்பில் எழுதியிருந்தார்கள். தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் வந்து பேசுகிறவன் தலைப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. அண்ணனோ சித்தப்பாவோ மச்சானோ சிங்கப்பூரில் இல்லாத குடும்பம் இந்த அரங்கில் குறைவாகத்தான் இருக்கும். தொழில்திறன் தேர்வில் ‘டெஸ்ட் அடித்து’, ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, ஐ.பி.ஏ. என்ற முன்னொப்புதல் கடிதம் வந்து, விமானம் ஏறிய கதையெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர் அனுப்பிய பணத்தில் எழுந்த மாடிவீட்டைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவர் கை இயந்திரத்துக்குள் போன நாளில் அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, அது அவர் கைக்கு எப்படி வந்து சேர்கிறது, எங்கே சேராமல் போகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

கட்டுமானம், கப்பல் பட்டறை, ரசாயன ஆலை ஆகிய மூன்று துறைகளில் மட்டும் ‘பெர்மிட்’ என்று நாம் சொல்லும் வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்கள் 2024 இறுதியில் நான்கரை லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டார், வங்கதேசத்தார், சீனர், மியன்மார்க்காரர் என்று பலரும் அதில் உண்டு. அந்த ஊரின் அடுக்குமாடிகளும் சுரங்க ரயில் பாதைகளும் இவர்கள் கையால் ஆனவை.

சிங்கப்பூரைக் குறை சொல்லத் தொடங்குமுன் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையில் ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிய பள்ளம் இடிந்து 4 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டில் வேலையிட மரண விகிதம் லட்சம் பேருக்கு 4.9. அதன்பின் 2006இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 2023இல் அந்த விகிதம் 0.99க்கு இறங்கியது. 2024இல் 43 பேர் இறந்து, மறுபடி 1.2 ஆனது. இருபது ஆண்டுகளில் நாலில் ஒரு பங்காகக் குறைப்பது சாதாரணக் காரியமல்ல. நம் ஊர்க் கட்டடப் பணியிடங்களில் இறப்பவர்களின் கணக்கையே நாம் இந்த ஒழுங்கில் எழுதி வைப்பதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

ஆனால் விகிதம் இறங்கினாலும் சாகும் விதங்கள் மாறவில்லை. வாகனம் மோதுவது, உயரத்திலிருந்து விழுவது, கட்டுமானமோ இயந்திரமோ சரிந்து நசுக்குவது. 2021 பிப்ரவரியில் துவாஸ் பகுதித் தொழிற்கூடம் ஒன்றில் கலவை இயந்திரம் வெடித்தது. உருளைக்கிழங்கு மாவுத்தூள் காற்றில் பறந்து தீப்பற்றி மேலும் வெடித்தது. 3 பேர் இறந்தார்கள், 7 பேர் காயப்பட்டார்கள். 2024 மே மாதம் சுவா சூ காங் நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டி கழுவப்போன இந்தியத் தொழிலாளி ஒருவர் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தாக்கி இறந்தார். இவை செய்தியில் வந்தவை. விரல் நசுங்குவது, முதுகு பிடிப்பது, ஏணி சறுக்கிக் கணுக்கால் முறிவது ஆகியவை செய்தியில் வருவதில்லை. வழக்குகளில் பெரும்பகுதி அவைதான்.

இனிச் சட்டம். கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு தொழிலாளிக்குக் கால் போனால், முதலாளியின் கவனக்குறைவால்தான் போனது என்று அவரே நிரூபிக்க வேண்டும். முதலாளிக்குத் தப்ப மூன்று வாசல்கள் இருந்தன. நீயும் கவனமாக இல்லை என்று சொல்லலாம்; தவறு உன் சக தொழிலாளியுடையது, என்னுடையதல்ல என்று சொல்லலாம்; ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய் என்று சொல்லலாம். 1884இல் ஜெர்மனியும் 1897இல் பிரிட்டனும் இதை மாற்றின. யார் தவறு என்று கேட்பதில்லை. வேலையில் அடிபட்டால் பணம் உண்டு. பதிலுக்குத் தொகைக்கு ஓர் உச்சவரம்பு. தொழிலாளி முழு நட்டஈடு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்தார், முதலாளி தப்பும் வாசல்களை விட்டுக்கொடுத்தார். இந்தியாவுக்கு இந்த ஏற்பாடு 1923இல் வந்தது. 1930களின் தொடக்கத்தில் சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கும் போனது. தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் போன நம் முன்னோர்களில் சிலர் அதன்கீழ்ப் பணம் வாங்கியிருக்கக்கூடும்.

இந்த ஏற்பாட்டுக்குள் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது. அடிபட்டவர் அதே ஊரில் தன் வீட்டில் படுத்திருப்பார், மனைவி கஞ்சி வைத்துக் கொடுப்பார், சங்கத்துக்காரர் வந்து மனு எழுதுவார், வழக்கு ஆறு மாதம் இழுத்தாலும் ஊரைவிட்டு அவரை யாரும் அனுப்ப முடியாது என்பதே அது. அந்த நிபந்தனை இல்லாத இடத்தில் இதே சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சிங்கப்பூரைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூரில் இப்போது நடப்பில் இருப்பது 2019ஆம் ஆண்டின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம். 2020 செப்டம்பர் 1 முதல் அமல். தாளில் படித்தால் தாராளமான சட்டம். உள்ளூர்க்காரர், வெளிநாட்டார் என்று பிரிக்கவில்லை. உடலுழைப்பு வேலை என்றால் சம்பளம் எவ்வளவானாலும் முதலாளி காப்பீடு எடுத்தே ஆகவேண்டும். கம்பெனி வண்டியில் வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டாலும் வேலையில் அடிபட்டதாகவே கணக்கு. லாரியின் பின்பக்கத்தில் ஆளேற்றிப் போவது இன்னமும் நிற்காத ஊரில் இது சின்ன விஷயமல்ல. பெர்மிட் ரத்தான பிறகும் கோரிக்கை உயிரோடிருக்கும். குடித்துவிட்டு அடிபட்டால் கிடையாது, சண்டையில் அடிபட்டால் பெரும்பாலும் கிடையாது. மற்றபடி உன் தவறா என் தவறா என்ற கேள்வியே இல்லை.

கிடைப்பது மூன்று வகை. முதலாவது, மருத்துவ விடுப்புக் காலச் சம்பளம். அந்த விடுப்பை அங்கே எல்லோரும் எம்.சி. என்பார்கள். வெளிநோயாளியாக 14 நாள் வரை, மருத்துவமனை விடுப்பென்றால் 60 நாள் வரை, முழுச் சராசரிச் சம்பளம். அதற்குமேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்து ஓராண்டு முடியும்வரை. இரண்டாவது, மருத்துவச் செலவு: ஓராண்டு வரை அல்லது 53,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, எது முந்துகிறதோ அது. மூன்றாவது, நிரந்தர ஊனத்துக்கோ மரணத்துக்கோ மொத்தத் தொகை. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளில் மரணத்துக்கு 91,000 முதல் 2,69,000 வெள்ளி வரை. முழு நிரந்தர ஊனத்துக்கு 1,16,000 முதல் 3,46,000 வரை. பகுதி ஊனமென்றால் மருத்துவர் ஒரு சதவீதம் போடுவார். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்கள் அதைப் ‘பாயிண்ட்’ என்பார்கள். “அண்ணே, எத்தனை பாயிண்ட் போட்டாங்க?” என்பதுதான் அங்கே நலம் விசாரிப்பு. பத்துப் பாயிண்ட் என்றால் குறைந்தபட்சக் கணக்கிலேயே 11,600 வெள்ளி. பழைய சட்டத்தில் காயம் ஆறி நிலைக்கும்வரை பாயிண்டுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது விபத்து நடந்து ஆறு மாதமானபின் இருக்கும் நிலையை வைத்தே மதிப்பிடலாம்.

இவ்வளவும் இருக்கையில் சிக்கல் எங்கே?

பேராவூரணிப் பக்கத்துக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். வயது 29. கம்பி வெட்டும் இயந்திரத்தில் வலதுகை ஆள்காட்டி விரல் சிதைகிறது. சூப்பர்வைசர் அவரை ஆம்புலன்சில் அனுப்புவதில்லை; கம்பெனி வண்டியில், கம்பெனி வழக்கமாகப் போகும் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறார். மருத்துவரின் அறைக்குள் கூடவே வருகிறார். எப்படி நடந்தது என்பதை அவரே சொல்கிறார். நம் ஆள் தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆங்கிலத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. மருத்துவர் இரண்டு நாள் எம்.சி. எழுதுகிறார், அப்புறம் ‘லைட் டியூட்டி’. தையல் போட்ட கையோடு மூன்றாம் நாள் அவர் சைட்டில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்.

ஏன் இரண்டு நாள்? 2020 செப்டம்பருக்கு முன்பு மூன்று நாளுக்கு மேல் எம்.சி. இருந்தாலோ 24 மணி நேரம் மருத்துவமனையில் கிடந்தாலோதான் மனிதவள அமைச்சுக்குத் தகவல் தரவேண்டும் என்ற விதி. நான்காவது நாள் எழுதினால் ஆவணம் பிறக்கும். ஆவணம் பிறந்தால் அதிகாரி வரலாம். பாதுகாப்பு விதி மீறல் தெரிந்தால் தண்டப்புள்ளி விழும். கட்டுமானத்திலும் உற்பத்தியிலும் 18 மாதத்துக்குள் 25 தண்டப்புள்ளி சேர்ந்தால் வெளிநாட்டு ஆளெடுக்கத் தடை. பாதுகாப்பை ஒழுங்குபடுத்தக் கொண்டுவந்த தண்டனையே காயத்தை மறைப்பதற்கும் காரணமாகிவிட்டது. ஒரு சட்டம் இன்னொரு சட்டத்தின் காலை இப்படித்தான் மிதிக்கும்.

2019ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. ஒரு நாள் எம்.சி.யானாலும், வெறும் லைட் டியூட்டியானாலும் தகவல் தரவேண்டும். லைட் டியூட்டிக் காலத்தில் குறையும் சம்பளத்துக்கும் ஈடு உண்டு. சரியான திருத்தம். ஆனால் தகவல் தரவேண்டியவர் இன்னமும் முதலாளிதான். அவர் தராவிட்டால் தொழிலாளியே அமைச்சிடம் போகலாம் என்கிறது சட்டம். போகலாம்தான்.

இங்கே ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 2011இல் ஒரு கட்டுமானத் தொழிலாளி கை எலும்பு முறிந்து தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மருத்துவர் கொடுத்த விடுப்பு இரண்டே நாள், பிறகு லைட் டியூட்டி. தொழிலாளிக்காக ‘ஹோம்’ என்ற தொண்டு அமைப்பு மருத்துவ மன்றத்தில் புகார் செய்தது. ஒழுங்குநடவடிக்கைத் தீர்ப்பாயம் மருத்துவர் குற்றமற்றவர் என்றது. மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள் அதைப் புரட்டி, 2016இல் மருத்துவரை ஆறு மாதம் தொழில் செய்யாமல் நிறுத்தி வைத்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: அந்த சைட்டில் லைட் டியூட்டி என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா, ஓய்வெடுக்க இடம் இருக்கிறதா என்று மருத்துவர் விசாரித்தாரா? சிங்கப்பூர்த் தீர்ப்புகளில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு மிகப் பயன்பட்டவற்றில் இதை நான் முன்வரிசையில் வைப்பேன். இழப்பீட்டுச் சட்டத்தின் ஒரு பிரிவைக்கூட அது மாற்றவில்லை. மாறியது மருத்துவரின் பேனாதான். தொழிலாளியின் வழக்கு முழுவதும் அந்தப் பேனாவில் தொடங்குகிறது.

இப்போது பெர்மிட்டுக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததன் மையம் இது.

வேலை அனுமதி ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. முதலாளி நினைத்தால் எந்த நாளும் ரத்து செய்யலாம். ரத்தானால் அந்த நாட்டில் இருக்கும் உரிமையும் போகிறது, தங்குவிடுதிப் படுக்கையும் போகிறது. ஊரில் வட்டிக்கு வாங்கிய பணம் இன்னும் அடையாமல் இருக்கும். மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணைத்தொகை கட்டுகிறார்; ஆள் காணாமல் போனால் அதை இழக்க நேரும். எனவே அடிபட்ட ஆளை விரைவாக விமானத்தில் ஏற்றிவிடுவது முதலாளிக்கு எல்லா வகையிலும் லாபம். இதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்களும் இருந்தன. அவை தொழிலாளர்களைப் பூட்டி வைத்ததாகத் தொண்டு அமைப்புகள் பல ஆண்டுகள் குற்றஞ்சாட்டின. அந்தப் பயத்தில் விடுதியைவிட்டு ஓடிவந்து தேக்காப் பக்கத்தில் கிடைத்த இடத்தில் படுத்துக்கொண்டு வழக்கு நடத்தியவர்கள் உண்டு. ‘டி.டபிள்யூ.சி.டூ’ என்ற அமைப்பு 2008இலிருந்து லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு போடுவது இப்படிப்பட்டவர்களுக்குத்தான். வழக்கு நடக்கும் வரை அவர்களுக்கு ‘ஸ்பெஷல் பாஸ்’ கிடைக்கும். நாட்டில் இருக்கலாம், தனி அனுமதி பெறாமல் வேலை செய்யக்கூடாது. உணவும் தங்குமிடமும் சிகிச்சையும் பழைய முதலாளி தரவேண்டும் என்பது விதி. தன்மேல் வழக்குப் போட்டவனுக்கு அவர் எந்த மனத்தோடு சோறு போடுவார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் சட்டம் தரும் உரிமைக்கும் அதைக் கேட்கிறவருக்கும் நடுவே நிற்பது பணமல்ல, அனுமதி அட்டை. இழப்பீட்டுத் தொகையை 2020இலும் 2025இலும் உயர்த்தினார்கள். நல்லது. இன்னும் இரண்டு மடங்கு உயர்த்தினாலும் கேட்கத் துணியாதவருக்கு அது வெறும் எண்தான். வேலையில் அடிபட்டவரின் பெர்மிட்டை, கோரிக்கை முடியும்வரை முதலாளி ரத்து செய்ய முடியாது, உடல் தேறினால் வேறு முதலாளியிடம் தாராளமாகப் போகலாம் என்று ஒரு விதி வந்தால், தொகையை ஒரு வெள்ளிகூட உயர்த்தாமல் கோரிக்கைகள் கூடும் என்பது என் கணிப்பு. முதலாளிகள் எதிர்ப்பார்கள். பொய்க்காயம் பெருகும் என்பார்கள். பொய்க்காயம் இல்லாத நாடு கிடையாது. அதைக் கண்டுபிடிக்க மருத்துவரும் காப்பீட்டு நிறுவனமும் இருக்கிறார்கள்.

சம்பளக் கணக்கை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இழப்பீடு முழுவதும் விபத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதச் சராசரிச் சம்பளத்தை வைத்துத்தான். மிகைநேர வேலைக்கான ஓ.டி.யும் அதில் சேரும். பாதிச் சம்பளம் ஓ.டி.யாக வரும் தொழிலில், அந்தப் பாதி தாளில் இல்லையென்றால் எம்.சி. சம்பளமும் குறையும், பாயிண்டுக்கான பணமும் கீழ்வரம்பில் போய் உட்காரும். 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு கட்டாயம். அதைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். ஐ.பி.ஏ. கடிதத்தையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். 2017இல் ஒரு சம்பள வழக்கில், ஐ.பி.ஏ.யில் முதலாளி எழுதிய அடிப்படைச் சம்பளமே உண்மைச் சம்பளம் என்று கொள்ளவேண்டும், இல்லையென்றால் அதை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்று சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் சொன்னது. அது இழப்பீட்டு வழக்கு அல்லவென்றாலும், அந்தத் தாளின் எடை என்ன என்பதைக் காட்டும்.

முதலாளியின் கவனக்குறைவு தெளிவாக இருந்து, காயமும் பெரிது என்றால், இழப்பீட்டை விட்டுவிட்டு உரிமையியல் வழக்குப் போடலாம். வலிக்கும் வேதனைக்கும் பிற்கால வருமானத்துக்கும் கேட்கலாம். இரண்டில் ஒன்றுதான். வழக்கு இழுக்கும், தோற்றால் செலவும் நம் தலையில். எதை எடுப்பது என்பதை வழக்கறிஞரிடம் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது. தேக்காவில் டீக்கடையில் கிடைக்கும் யோசனை இதற்குப் போதாது.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவின் குடிபெயர்வு விதிகள் 18 நாடுகளைத் தனியாகப் பட்டியலிட்டு, பத்தாம் வகுப்பு தேறாதவர் அங்கே வேலைக்குப் போவதற்கு முன் அனுமதி கேட்கின்றன. வளைகுடா நாடுகள் அதில் உண்டு, மலேசியா உண்டு. சிங்கப்பூர் இல்லை. அந்த அனுமதியோடு சேர்ந்து வரும் பிரவாசி காப்பீடும் சிங்கப்பூர்க்காரரைத் தொடுவதில்லை. அந்த நாட்டில் சட்டம் ஒழுங்காக இருக்கிறது, தனிப் பாதுகாப்பு வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். மேலே சொன்ன பேராவூரணிக்காரரை நினைத்தால் அந்த நம்பிக்கை எனக்கு வரவில்லை.

ஊரில் நடக்கவேண்டிய வேலை எவ்வளவோ இருக்கிறது. டெஸ்டுக்குப் பயிற்சி கொடுக்கும் இடங்களில் டைல்ஸ் ஒட்டவும் ஒயரிங் செய்யவும் வாரக்கணக்கில் கற்கிறார்கள். அதில் ஒரு பிற்பகலை எடுத்து ஐந்து விஷயம் சொல்லிக் கொடுக்கலாம்: அடிபட்டவுடன் படமெடு, பார்த்தவன் பெயரையும் எண்ணையும் குறித்து வை, மருத்துவரிடம் “வேலை செய்யும்போது நடந்தது” என்று நீயே சொல், அது சீட்டில் ஏறியதா என்று பார், ஓராண்டுக்குள் கோரிக்கை போடு. முதுகுவலி, தோள்வலி போன்ற கண்ணுக்குத் தெரியாத காயங்களில் சாட்சி இல்லாததே மறுப்பதற்கு முதல் காரணமாகிறது. தமிழ் அந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வங்கதேசத்து நண்பருக்கு அந்த வசதி இல்லை.

இறந்துபோனால் என்ன? இழப்பீடு சார்ந்திருந்தவர்களுக்குப் போகும். யார் சார்ந்தவர், யாருக்கு எவ்வளவு என்பதை அங்கே முடிவு செய்வார்கள். முடிவு செய்ய இங்கிருந்து தாள் போகவேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருக்கும் மனைவி, பெயரில் எழுத்துப் பிழை உள்ள பிறப்புச் சான்றிதழ், மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சில்லாத வீடு, இவற்றால் மாதங்கள் ஓடிவிடும். மரணத்திலும் கோரிக்கைக்குக் கெடு ஓராண்டுதான். உடல் வந்து இறங்கிய வாரத்தில் கம்பெனி ஆள் கொடுக்கும் ‘உதவித்தொகை’யை வாங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அதை ஒருவரிடம் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

அந்த ஒருவர் யார்? ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் தினமாக அரசு கொண்டாடுகிறது. அயலகத் தமிழர்களுக்கென்று ஆணையரகமும் வாரியமும் இருக்கின்றன. விழாவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கே தொழில் நடத்துகிறவர்கள். ஆணையரகம் சென்னையில் இருக்கிறது. விதவை அறந்தாங்கியில் இருக்கிறார். தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை, அரியலூர், பெரம்பலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் வாரத்தில் ஒரு நாள், வெளிநாட்டு இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்கு மட்டும் ஒரு மேசை போடலாம். சிங்கப்பூர்ச் சட்டத்தைப் படித்த இரண்டு இளம் வழக்கறிஞர்கள் போதும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் அவர்களுக்குக் கொடுக்க மதிப்பூதியம் இருக்கிறது. இந்தக் கல்லூரியில் சட்டம் படிக்க நினைக்கும் மாணவர்கள் யாராவது முன்வந்தால், அந்தச் சட்டத்தின் படிவங்களோடு அடுத்த மாதம் மறுபடி வரத் தயாராக இருக்கிறேன்.